பார்க்கிங்கில் கார் சார்ஜ் ஏறவில்லையா? வடசென்னை அடுக்குமாடிக் கேள்விகளும் பதில்களும்

பெரம்பூர், கொளத்தூர், திருவொற்றியூர் பக்கத்து அடுக்குமாடிகளில் மின் வேலை எடுத்துச் செய்பவன் நான். பொதுப் பார்க்கிங்கில் மின்சாரக் காரை சார்ஜ் செய்வதில் வந்த சிக்கல்களைப் பலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் பழுது காரிலும் இல்லை, சார்ஜரிலும் இல்லை. மீட்டர் போர்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் ஓடும் வயரில்தான் இருக்கிறது.

கொளத்தூர்: சார், காரோடு வந்த சார்ஜரைப் பார்க்கிங் பிளக்கில் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. மாமியார் வீட்டில் அதே சார்ஜர் ஒழுங்காக ஓடுகிறது. டெஸ்டர் வைத்தால் கரண்ட் காட்டுகிறது. சார்ஜர் போய்விட்டதா?

சார்ஜர் நன்றாக இருக்கிறது, மாமியார் வீடே அதற்குச் சாட்சி. உங்கள் பார்க்கிங்கில் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் பச்சை வயர் இணைப்பு, சரியில்லை. டெஸ்டர் பேஸ் (கரண்ட் வரும் வயர்) இருப்பதை மட்டும்தான் காட்டும், எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் வயர்) நடுவே 230 வோல்ட் சுற்றி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அது பத்து, இருபது என்று ஏறினால் சார்ஜர் ஓடாது. அது பாதுகாப்புக்காகத்தான் நிற்கிறது.

சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் பச்சை வயர் எதிலும் மாட்டாமல் பின்னால் மடக்கி விடப்பட்டிருக்கும். கட்டும்போது பார்க்கிங் பிளக் என்றால் கார் கழுவும் மோட்டாருக்குத்தானே என்று விட்டிருப்பார்கள். வயர் மாட்டியிருந்தும் வரவில்லை என்றால் எர்த் குழி காய்ந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் இது சகஜம். குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கினால் குழிதான் காரணம். காருக்கென்று புதுக் குழி போட்டு, தனி எர்த் வயர் இழுப்பதே நிரந்தர வழி.

ஒன்று மட்டும் செய்ய விடாதீர்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஒரு துண்டு வயர் போட்டால் விளக்கு பச்சையாகிவிடும், வேலையும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் வந்து நிற்கும். பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

திருவொற்றியூர்: அண்ணே, ஒரு மணி நேரம் ஏறிய பிறகு எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. ஷார்ட் சர்க்கியூட்டா?

ஷார்ட் என்றால் போட்ட நொடியே விழும் தம்பி. இது சூட்டில் விழுகிறது. கீசர் பத்து, பதினைந்து நிமிடம் ஓடும், ஆனால் கார் விடிய விடிய 15 ஆம்பியர் வரை இழுக்கும். எம்சிபியின் கணக்கு 30 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. மூடிய பெட்டிக்குள், நம் ஊர் மே மாதத்தில், 16 ஆம்பியர் எம்சிபி அதைத் தாங்காது. 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர் போட்டு 20 ஆம்பியர் எம்சிபி வையுங்கள். வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால், அடுத்து சூடாவது வயர்தான்.

உங்கள் பக்கம் உப்புக் காற்று வேறு. மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் செம்பு பச்சை பூத்திருக்கும், பிளக்கின் ஒரு பின் மட்டும் கறுத்திருக்கும். அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாக்கெட், பிளக் இரண்டையுமே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். சார்ஜ் ஏறும்போது பிளக் பக்கம் மீன் வாடை மாதிரி அடித்தால் கடல் காற்று என்று விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் கருக ஆரம்பித்திருக்கிறது.

வியாசர்பாடி: சாயங்காலம் போட்டால் ஏறுவதில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் தானாக ஏறுகிறது. ஏன்?

முதலில் காரின் ஆப்பில் டைமர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் வேறு யாராவது வைத்திருக்கலாம். டைமர் இல்லையென்றால் லோ வோல்டேஜ். சாயங்காலம் தெரு முழுக்க ஏசி ஓடுகிறது. அதோடு உங்கள் வயரும் தின்கிறது: 2.5 ஸ்கொயர் வயரில் 40 மீட்டர் தூரம் 15 ஆம்பியர் போனால் சுமார் 9 வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜ் ஏறும்போது மீட்டர் போர்டிலும் பிளக்கிலும் அளந்து பாருங்கள். போர்டிலேயே குறைவாக இருந்தால் ஈபியில் புகார் கொடுங்கள். போர்டில் சரியாக இருந்து பிளக்கில் குறைந்தால் வயரை மாற்ற வேண்டும்.

பெரம்பூர், குடியிருப்போர் சங்கச் செயலாளர்: நான்கு பேர் கார் வாங்கிவிட்டார்கள். பொது மீட்டரிலிருந்து எடுக்கிறார்கள் என்று மற்றவர்கள் சண்டை. போர் மோட்டாரும் அடிக்கடி நிற்கிறது. என்ன செய்வது?

சண்டைக்கு நியாயம் இருக்கிறது சார். அவரவர் வீட்டு மீட்டரிலிருந்தே தனி வயர் இறக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது. வீட்டு இணைப்புக்கு உண்டான இலவச யூனிட் பொது மீட்டருக்குக் கிடையாது, ஆகவே பொது மீட்டரில் எடுப்பது எல்லோருக்கும் நஷ்டம்.

மோட்டார் நிற்பதற்குக் காரணம் அநேகமாக பேஸ் கணக்கு, அதாவது கட்டடத்துக்கு வரும் மூன்று பேஸ் வயர்களில் எதில் எவ்வளவு லோடு என்பது. நான்கு காரும் ஒரே பேஸில் இருந்தால் அந்த ஒரு பேஸில் மட்டும் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் பேனலில் இருக்கும் பாதுகாப்பு ரிலே உடனே வெட்டிவிடும். சாதா பிளக் சார்ஜர் ஒன்றுக்கு 3.3 கிலோவாட், சுவரில் மாட்டும் பெரியது 7.2 கிலோவாட். நான்கு பெரியது ஒரே நேரத்தில் ஓடினால் கிட்டத்தட்ட 29 கிலோவாட். எந்த வீடு எந்த பேஸில் என்று எழுதி மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரிய சார்ஜர் வைப்பவர் ஈபியில் லோடு உயர்த்திய பிறகே மாட்ட வேண்டும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனித்தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் ஸ்விட்ச்) வேண்டும், அதுவும் குறைந்தது டைப் ஏ வகை. கடையில் மலிவாகக் கிடைக்கும் டைப் ஏசி போதாது. இத்தனையையும் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த கார் வரும்போது மறுபடி முதலிலிருந்து பேச வேண்டாம்.

தண்டையார்பேட்டை: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சார்ஜ் செய்யலாமா?

கூடாது. ஒருநாள் அவசரத்துக்குக்கூட வேண்டாம்.

பெரம்பூர்: கரண்ட் போனால் பொது ஜெனரேட்டரில் ஏறட்டுமே?

லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் கணக்குப் பார்த்து வாங்கிய ஜெனரேட்டர் அது. கார் வயரை அதில் சேர்க்காதீர்கள்.

கொடுங்கையூர்: 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் பார்க்கிங்கில் முட்டி அளவு தண்ணீர். சார்ஜரை எங்கே மாட்டுவது?

சுவரில் அந்தத் தண்ணீர்க் கறை இன்னும் தெரிகிறதா? அதற்கு மேல் குறைந்தது இரண்டு அடி உயரத்தில் மாட்டுங்கள். அணைக்கும் எம்சிபி தண்ணீரில் இறங்காமல் எட்டும் இடத்தில், முடிந்தால் மாடிப்படி ஏறியதும் இருக்கட்டும். மழை எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே சார்ஜ் ஏற்றி, காரை மேடான தெருவில் விட்டுவிடுங்கள். தண்ணீர் புகுந்த காரை வடிந்த பிறகும் பிளக்கில் போடாதீர்கள், சர்வீஸ் ஆள் பார்த்த பின்புதான். சாக்கெட் நனைந்திருந்தால் காயவைத்துப் பயன்படுத்துவதும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ராயபுரம்: எங்களுக்குப் பார்க்கிங்கே இல்லை, தெருவில்தான் நிறுத்துகிறோம். முதல் மாடியிலிருந்து வயர் தொங்கவிட்டு ஏற்றலாமா?

வேண்டாம்மா. பிள்ளைகளும் மாடும் போகும் சந்து, மழை வேறு. நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் பார்க்கிங் இருந்தால் அங்கே ஒரு பாயின்ட் கேட்டுப் பாருங்கள், வாரத்துக்கு இரண்டு தடவை பொது சார்ஜிங் நிலையத்தில் ஏற்றினாலும் ஊருக்குள் ஓட்டுவதற்குப் போதும். கார் இன்னும் வாங்கவில்லை என்றால், இந்த இரண்டில் ஒன்று உறுதியான பிறகு வாங்குங்கள்.