ஐந்து வயதுக் குழந்தைக்கு முதல் கேமரா எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சல் கணக்கை மறந்துவிடுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 2 மெகாபிக்சல் போதும். பொம்மைக் கேமராக்களில் 40 என்று போட்டிருந்தால், பெரும்பாலும் சின்ன சென்சார் (கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லு) எடுத்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கியதாகத்தான் இருக்கும்.

நான் முக்கியமாகப் பார்ப்பது, பட்டனை அழுத்தியதும் படம் விழுகிறதா என்பதை. என் மகள் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து எறும்பைப் படம் எடுப்பாள். அவளுடைய முதல் கேமரா ஒரு நொடி தாமதித்துத்தான் எடுக்கும். அதற்குள் எறும்பு போய்விடும், வெறும் தரை மட்டும் இருக்கும். அவள் முகம் வாடிப்போகும். அதோடு, பொம்மைக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஃபோகஸ் மாறாத லென்ஸில் இவ்வளவு கிட்டத்தில் இருப்பது மங்கலாகவே விழும். குழந்தைகளுக்கோ கிட்டத்தில் இருப்பதுதான் உலகம். அதனால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமரா வேலை செய்தால் அதையே கொடுங்கள் என்பேன். ஆட்டோஃபோகஸ் இருக்கும், ஃபிளாஷ் இருக்கும்.

கழுத்துக் கயிறு இழுத்தால் கழன்றுகொள்ளும் வகையாக இருக்கட்டும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதா என்று பாருங்கள். மெமரி கார்டை நீங்களே போட்டு எடுங்கள். உடனே அச்சிட்டுத் தரும் கேமரா குழந்தைக்குப் பிடிக்கும், சரி. ஆனால் கடை ரசீது போல மையில்லாமல் சூட்டில் அச்சாகும் வெப்பத்தாளில் வரும் படம் நாளடைவில் மங்கும். அப்புறம், கேம்கள் உள்ளதை வாங்காதீர்கள். கேமரா மறந்து கேம்தான் மிஞ்சும்.