பந்திபூரில் ஒரு மணி நேரம் போதுமா?

வணக்கம்.

அக்டோபரில் குடும்பத்தோடு முக்திநாத் போகிறோம். காத்மாண்டுவிலிருந்து பொக்காரா போகும் வழியில் பந்திபூரில் ஒரு மணி நேரம் நிறுத்துவதாக டிராவல்ஸ்காரர் சொல்கிறார். போய்வந்த என் தம்பியோ, "வண்டி போகாத ஒரே ஒரு தெரு. அதுவும் முழுக்க லாட்ஜும் காபிக் கடையும். டூரிஸ்டுக்குச் செட் போட்ட மாதிரி இருக்கு" என்கிறான். முன்பு அந்த ஊரைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். இறங்கவா, வேண்டாமா? அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு.

வி., கும்பகோணம்

அன்புள்ள வி.,

ஒரு மணி நேரம்தான் என்றால் வேண்டாம். துமரேயில் நெடுஞ்சாலையை விட்டு எட்டு கிலோமீட்டர் மலையேற வேண்டும். ஏறி இறங்கவே பொழுது போய்விடும். ஓர் இரவு தங்க முடிந்தால் அவசியம் போங்கள்.

தம்பி சொல்வது பாதி சரி. கடைத்தெருவில் பல வீடுகள் இன்று விடுதிகள்தான். ஆனால் செட் என்பதை ஒப்ப மாட்டேன். 1769-ல் கோர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலுள்ள பக்தபூரைப் பிடித்தார். அதன் பிறகு அங்கிருந்து வந்த நேவார் இன வணிகர்கள், மகர் என்னும் மலைவாழ் இனத்தாரின் மலையில் எழுப்பிய சந்தை இது. வியாபாரிகள் ஏன் முகட்டில் போய்க் குடியேறினார்கள்? கீழே தராய் என்னும் தெற்குச் சமவெளிக் காடுகளில் மலேரியா. சுமார் 1,030 மீட்டர் உயரத்தில் அந்தப் பயம் இல்லை. இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையிலான வாணிபம் இவ்வழியே நடந்தது.

1950களில் மலேரியா ஒழிப்பு தொடங்கியதும் கீழே குடியிருக்க வழி பிறந்தது. பலர் கடையைக் கட்டிக்கொண்டு சமவெளி ஊரான நாராயண்கட்டுக்கு இறங்கிவிட்டார்கள். மாவட்டத் தலைமையிடம் தமௌலிக்குப் போயிற்று. 1970களில் வந்த பிருத்வி நெடுஞ்சாலையும் அடிவாரத்தோடு போய்விட்டது. பூட்டிக் கிடக்கும் வீட்டை இடித்து யார் கான்கிரீட் போடுவார்கள்? காசு இருந்தவர்கள் போன ஊரில் போட்டார்கள். ஊர் நொடித்ததால்தான் தெரு பிழைத்தது. 'பாரம்பரியத்தைக் கண்ணாகக் காத்த மக்கள்' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். பாழாக இருந்த கூரைகளுக்குப் பிற்பாடு ஓடு மாற்ற வழி செய்தது சுற்றுலாப் பணம். ஆகவே லாட்ஜுகள்மேல் எனக்குக் கோபமில்லை.

போனால் தெருவைக் கடைக்காரர் கண்ணோடு பாருங்கள். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். முன்னால் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், நம் திண்ணை போல. கீழ்த்தளத்தில் கடை, மாடியில் குடும்பம். செங்கல் சுவரில் செதுக்குமரச் சன்னல்கள். தரையில் பலகைப் பலகையாகக் கல். மழை பெய்தால் வழுக்கும், அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப் போங்கள். பகல்நேரக் கூட்டம் கலைந்த பிறகு உள்ளூர்க்காரர்கள் தாழ்வாரங்களில் வந்து உட்காருவார்கள். நீங்கள் தங்கவேண்டும் என்பது அதற்காகத்தான்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். உளுந்தை அரைத்துத் தோசைக்கல்லில் கனமாக வார்க்கும் 'பாரா' கிடைக்கும். மேலே முட்டையோ கொத்துக்கறியோ போடும் வழக்கம் உண்டு என்பதால் மாவு ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

விடிந்ததும் துண்டிகேல் மைதானத்துக்குப் போங்கள். வானம் தெளிந்திருந்தால் அன்னபூர்ணா, மச்சபுச்சரே, மனாஸ்லு எல்லாம் வரிசையாகத் தெரியும். அக்டோபர் அதற்கு ஏற்ற மாதம். நம் நவராத்திரி போன்ற தசைன் விழாவோடு உங்கள் பயணம் ஒத்துவந்தால் கட்க தேவி கோயிலையும் விசாரியுங்கள். பால்பா அரசர் முகுந்த சேனருடையது என்று சொல்லும் வாள் அங்கே இருக்கிறது, துணி சுற்றியபடி. அவிழ்த்துப் பார்த்தவர் ரத்தம் கக்கிச் சாவார் என்பது ஊர் நம்பிக்கை. சித்த குகை வேண்டாம். பெரிய குகைதான், ஆனால் செங்குத்தான பாதை, அம்மாவுக்கு ஆகாது.

டிராவல்ஸ்காரரிடம் பொக்காராவில் ஓர் இரவைக் குறைத்து இங்கே போடச் சொல்லுங்கள். கடைத்தெருவுக்குள் வண்டி வராது. பெட்டிகளை விடுதிவரை தூக்க ஆள் வேண்டுமென்று அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள்.