ஒட்டுத்துணிப் போர்வையில் தையல் கோடு போட எது நல்லது?

கேள்வி: பழைய பருத்திச் சேலைகளை ஒட்டுப் போட்டு, உள்ளே திருப்பூர் பனியன் துணி வைத்துப் போர்வை தைக்கிறேன். டைமண்டும் மாங்காயும் ஓட்டுத் தையலில் போட ஆசை. பால்பாயிண்ட் பேனாவில் வரைந்தால் துவைத்தும் போகவில்லை. வீட்டில் இருப்பதை வைத்துக் கோடு போட முடியுமா?
- கோபியிலிருந்து ஒரு வாசகி

பதில்: தாராளமாக முடியும். பால்பாயிண்ட் மையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பருத்தி அதை லேசில் விடாது. கோடு பளிச்சென்று தெரிகிறதா என்பதைவிட, அலசினால் போகுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். எதுவானாலும் மிச்சத் துணியில் இழுத்து, அலசிப் பார்த்த பிறகே போர்வையில் கை வையுங்கள்.

அடர் நிறத் துணிக்கு, தேய்ந்துபோன வெள்ளைச் சோப்புச் சில்லுக்கு மிஞ்சியது இல்லை. நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஓரத்தைக் கத்தியால் சீவிக்கொண்டால் மெல்லிய கோடு விழும். கிரீம் கலந்த சோப்பு மட்டும் வேண்டாம்; மேலே இஸ்திரி பட்டால் பிசுக்கு நின்றுவிடும். வெளிர் துணிக்கு 2எச் பென்சில், அழுத்தாமல். மஞ்சளைக் கரைத்துக் கோடு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சோப்பு பட்டதும் சிவக்கும், கறையும் போகாது.

மாங்காய்க்கு, ஆரி வேலை செய்கிறவர்களின் வழிதான் சிறந்தது. பட்டர் பேப்பரில் வரைந்து, மெஷினில் நூல் கோக்காமல் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். வரிசையாகத் துளை விழும். தாளைத் துணிமேல் வைத்து, சாக்பீஸ் தூளைப் பனியன் துணியில் பொட்டலமாகக் கட்டி ஒற்றி எடுங்கள். தாளைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக மாங்காய் நிற்கும். உதிர்வதற்குள் சோப்பால் இணைத்துவிடுங்கள். கல் கோலப்பொடி குருணையாக இருப்பதால் துளையில் இறங்காது. அரிசி மாவு என்றால் எறும்பு வரும். இதை மட்டும் மேல் துணி தனியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். அடியில் பனியன் துணி இருந்தால் அழுத்தும்போது இழுபட்டு, மாங்காய் கோணிப்போகும்.

டைமண்டை, மேல் துணி, பனியன் துணி, அடித்துணி மூன்றையும் அடுக்கி, நகராமல் இருக்கத் தற்காலிகமாக இழையோட்டிய பிறகு பார்க்கலாம். பருத்தி நூலில் சாக்பீஸைத் தேய்த்து, ஆளுக்கொரு மூலையில் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுங்கள், கொத்தனார் நூல் அடிக்கிற மாதிரி. முதல் கோடு நேராக விழுந்துவிட்டால் மற்றதை மர ஸ்கேலின் அகலத்துக்கே நகர்த்திக்கொண்டு போகலாம். கை பட்டால் உதிரும் என்பதால் அன்றைக்குத் தைக்கிற அளவு மட்டும் அடியுங்கள்.

டைமண்ட் மட்டும் போதும் என்றால் இன்னும் சுலபம். துவைத்துத் துவைத்து இளகிய, பெரிய கட்டம் போட்ட பழைய லுங்கியையோ சென்னிமலை பெட்ஷீட்டையோ அடித்துணியாக வைத்து, பின்பக்கமிருந்தே தையுங்கள். கட்டத்தின் மூலைக்கு மூலை ஓட்டினால் போதும், ஒரு கோடும் போட வேண்டாம். ஊசி மேல் துணி வரை இறங்குகிறதா என்று மட்டும் அவ்வப்போது திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.