கரண்ட் வைக்கும்போது இருமினால் இதயம் கருகிவிடுமா?

கேள்வி: வயது 51. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை மட்டும் அகற்றினார்கள். கீமோ முடிந்தது. அடுத்து கோவையில் 15 நாள் ரேடியேஷன் (எங்கள் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள்). மூச்சைப் பிடித்தபடி படுக்க வேண்டுமாம். நடுவில் இருமினாலோ மூச்சு விட்டுவிட்டாலோ இதயம் கருகிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு. பயத்தில் ரேடியேஷனே வேண்டாம் என்று தோன்றுகிறது. உடம்புச் சூடு தணிய மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிறேன்; மருந்து அதிகமாகிவிடும் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன். பேரனைத் தூக்கலாமா? முடி மறுபடி கொட்டுமா? குளிருக்குத் தைலம் தேய்க்கலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: இருமினால் கதிர் நின்றுவிடும் அம்மா, இதயம் கருகாது. மூச்சைப் பிடிக்கச் சொல்வதே இதயத்தைக் காப்பாற்றத்தான். அந்த வீடியோ விஷயத்தைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறது.

மார்புக்கு வைக்கும் கதிர் நேராக நெஞ்சுக்குள் பாய்வதில்லை. நெஞ்சுக்கூட்டின் வளைவை ஒட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக உரசிக்கொண்டு போகும். சாதாரண மூச்சில் இதயத்தின் முன்பக்கம் நெஞ்சுச் சுவரைத் தொட்டபடி இருக்கும். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் முக்கியமான தமனி ஒன்று ஓடுவதும் அந்த முன்பக்கத்தில்தான். ஆழமாக மூச்சை இழுத்தால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும். இதய உறை அதோடு ஒட்டியிருப்பதால் இதயமும் கீழே, பின்னே இழுபடும். அதே நேரத்தில் நெஞ்செலும்பும் விலா எலும்புகளும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னே எழும். இடையில் காற்று நிறைந்த நுரையீரல் வந்து நிற்கும். அந்தச் சில நொடிகளில் மட்டும் கதிரைச் செலுத்தினால் இதயத்துக்குப் போகும் அளவு பலருக்குப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது.

சிகிச்சையைத் திட்டமிட முதலில் எடுக்கும் ஸ்கேனான பிளானிங் சிடியின்போது, நீங்கள் மூச்சை இழுத்ததும் நெஞ்சு எந்த உயரத்துக்கு வந்தது என்று பதிவு செய்வார்கள். மருத்துவ இயற்பியலாளர் அந்தப் படத்தின்மேல்தான் கணக்குப் போடுகிறார். சிகிச்சையின்போது உங்கள் வயிற்றின்மேல் வைத்த சிறு பெட்டியையோ தோலின் மேற்பரப்பையோ கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். சில மையங்களில் வாயில் குழாய் வைத்துக் காற்றை அளப்பார்கள். அந்த உயரத்திலிருந்து சில மில்லிமீட்டர் விலகினாலே கதிர் நிறுத்தப்படும், தானாகவோ, வெளியே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் டெக்னீஷியன் கையாலோ. மீதி அளவை அடுத்த மூச்சில் கொடுப்பார்கள். டோஸ் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இருமல் வருவதுபோல் இருந்தால் மூச்சை விட்டுவிட்டுத் தாராளமாக இருமுங்கள்.

உண்மையில் தவறு நடப்பது வேறு இடத்தில். நெஞ்சை உயர்த்தச் சொன்னதும் பலர் காற்றை இழுக்காமல் முதுகைப் பலகையிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். கேமராவுக்கு உயரம் சரியாக இருப்பதுபோல் தெரியும். உள்ளே உதரவிதானம் இறங்கியிருக்காது, இதயமும் நகர்ந்திருக்காது. கதிர் வைக்கும் முன் படம் எடுத்துச் சரிபார்ப்பது இதற்காகவும்தான். ஆகவே இன்றிலிருந்தே வீட்டில் பழகுங்கள். தரையில் பாயை விரித்து, தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் வையுங்கள். இரண்டு மூச்சு சாதாரணமாக விட்டு, மூன்றாவதை மூக்கால் மெதுவாக நெஞ்சுக்குள் இழுங்கள். முதுகும் இடுப்பும் பாயைவிட்டு எழக் கூடாது. முழுக் கொள்ளளவுக்கு இழுக்க வேண்டாம்; முக்கால் பங்கு போதும். எல்லைவரை இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவாக வரும், நமக்குத் தேவை ஒரே அளவு. தொண்டையை இறுக்கி முக்காமல் 20 நொடி நிறுத்தி, மெல்ல விடுங்கள். காலையும் மாலையும் ஐந்து ஐந்து முறை. கோத்தகிரி உயரத்தில் 20 நொடி பிடிக்க முடிந்தவருக்குக் கோவையில் அது இன்னும் எளிதாகவே இருக்கும்.

அக்குளில் நெறிகட்டிகளை எடுத்திருந்தால் கை மேலே போகாமல் இறுகியிருக்கலாம். கால்மணி நேரம் கையைத் தலைக்குமேல் வைத்திருக்க முடியாவிட்டால் மூச்சுப் பயிற்சி எவ்வளவு நன்றாக இருந்தும் படுக்கும் நிலை தினமும் மாறும். சுவரில் விரல்களை ஊர்ந்து ஏற்றும் பயிற்சியை பிளானிங் சிடிக்கு முன்பே தொடங்குங்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்கிறீர்கள். கூடாது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷனைத் தவிர்த்த பெண்களில் பத்தாண்டுகளுக்குள் நோய் திரும்பியது 35 சதவீதம் பேருக்கு. ரேடியேஷன் பெற்றவர்களில் அது 19 சதவீதம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளியான முடிவு இது. இதயத்துக்குப் பாதிப்பே இல்லையா என்றால், உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை ரேடியேஷன் பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013இல் ஒரு கணக்கு வந்தது: இதயத்துக்குப் போகும் சராசரி டோஸ் ஒரு கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கூடினால் மாரடைப்பு போன்ற பெரிய இதய நோய்க்கான வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது. நூறு பேரில் ஏழு பேருக்கு மாரடைப்பு வரும் என்று இதைப் படிப்பவர்கள்தான் பீதியைக் கிளப்புகிறார்கள். உங்களுக்கு ஏற்கெனவே உள்ள வாய்ப்பு நூறில் ஐந்து என்றால், ஒரு கிரேக்கு அது 5.4 ஆகும், அவ்வளவுதான். அந்தக் காலப் பெண்களின் இதயத்துக்குச் சராசரியாக 4.9 கிரே போயிருந்தது. மூச்சைப் பிடித்துக் கொடுக்கும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு கிரேயில் முடிகிறது. உங்கள் பிளானில் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த எண் அவர் திரையிலேயே இருக்கும்.

அந்த ஐந்தைப் பத்தாக்குவது கட்டுப்படாத பிரஷர். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தியது இந்தக் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி. நாளைக் காலையே பிரஷரை அளந்து மருத்துவரிடம் காட்டி மறுபடி தொடங்குங்கள். மஞ்சள் மாத்திரையை நிறுத்துங்கள். சமையலில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டி மாத்திரையாக்கியது வேறு. சிகிச்சை நடக்கும்போது அது வேண்டாம். ரேடியேஷனால் உடம்பில் சூடு ஏறுவதும் இல்லை.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. மலையில் இருப்பவர் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

கதிர் உரசிப் போகும் பாதையில் நுரையீரலின் ஒரு சிறு ஓரம் இருக்கிறது. சிலருக்கு அந்த ஓரம் பிறகு வீங்கி அழலும். மார்புக்கு மட்டும் கதிர் வைத்தவர்களில் இது குறைவு. கழுத்தெலும்புக்கு மேலே நெறிகட்டிகளுக்கும் சேர்த்து வைத்திருந்தால் வாய்ப்பு கூடும். சிகிச்சை நடக்கும்போது இது வருவதில்லை. எல்லாம் முடிந்து, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் கழித்து, சிலருக்கு ஆறு மாதம்வரைகூட, சளி இல்லாத வறட்டு இருமல், லேசான காய்ச்சல், ஏற்றம் ஏறினால் இரைப்பு என்று மெல்லத் தொடங்கும். பனியும் சாரலுமாக இருக்கும் ஊரில் இதை யாரும் ரேடியேஷனோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. முதலில் ஆவி பிடிப்பார்கள், பிறகு இருமல் டானிக், பிறகு மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக், அது கேட்கவில்லை என்று இன்னொன்று. மூன்று வாரம் போய்விடும்.

அதனால் ரேடியேஷன் தொடங்குமுன் இரண்டு விஷயங்களைக் குறித்து வையுங்கள். வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறீர்கள் என்பது ஒன்று. பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் ஓய்விலும் நடந்தபிறகும் அது காட்டும் எண் இன்னொன்று. உங்கள் உயரத்தில் அந்த எண் சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். கோவைக்காரர் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள், உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். வறட்டு இருமல் ஒரு வாரத்தைத் தாண்டினாலோ, வழக்கமாக நிற்கும் இடத்துக்கு முன்பே நிற்க வேண்டியிருந்தாலோ, நடந்தபின் எண் பழையதைவிட மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, ரேடியேஷன் கொடுத்த மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பேசும்போதே மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், கால் வீங்கினால் காத்திருக்க வேண்டாம். அன்றே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீமோவில் சிவப்பு மருந்து (டாக்ஸோரூபிசின் போன்றது) கொடுத்திருந்தால் அது இதயத்தைத் தளர்த்தியிருக்கலாம், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். எக்கோவும் ஸ்கேனும் பார்க்காமல் எவரும் பிரித்துச் சொல்ல முடியாது.

நுரையீரல் அழற்சிதான் என்று உறுதியானால் ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். ஆனால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. கடையில் வாங்கி ஐந்து நாள் போட்டு, இருமல் நின்றதும் நிறுத்தினால் பழையபடி கிளம்பும், சில நேரம் முன்னைவிடக் கடுமையாக.

எந்த மருத்துவரிடம் போனாலும் சிகிச்சைச் சுருக்கத் தாளைக் கையில் வைத்திருங்கள்: எந்தப் பக்கம், எத்தனை கிரே, எத்தனை சிட்டிங், கடைசித் தேதி. இந்தத் தாள் இல்லாமல் எக்ஸ்ரேயின் மேல்பகுதியில் நிழலைப் பார்க்கும் மருத்துவர் டிபி என்று நினைக்க இடமுண்டு. கதிரால் வந்த நிழல் கதிர் போன பாதையின் ஓரத்தோடு நின்றுவிடும். பாதை தெரிந்தவர்தான் அதை அடையாளம் காண முடியும்.

பேரனை அன்று மாலையே தூக்கலாம். வெளியிலிருந்து வரும் கதிர் கருவியை நிறுத்தியதும் தீர்ந்தது, உங்கள் உடம்பில் எதுவும் தங்காது. தலைமுடி கொட்டாது, கீமோவில் போனதும் வளரும். தைலம் மட்டும் அந்தப் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம், வெந்நீர்ப் பையும்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அக்குள் பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். ஸ்வெட்டருக்கு உள்ளே தளர்வான பருத்தி உடை போடுங்கள். கம்பளி நேரடியாக உரசக் கூடாது. தோல் கறுத்துச் சிவப்பது கடைசி சிட்டிங்குக்கு அடுத்த ஓரிரு வாரத்தில்தான் உச்சத்துக்கு வரும், பிறகு இறங்கும். தோல் உரிந்து நீர் கசிந்தால் மட்டும் காட்டுங்கள்.