தென்னை மட்டையில் கரிப் படலம்: கருப்பு ஈஸ்ட்டா, வேறு நோயா?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். அடி மட்டைகளில் கரி அப்பிக் கிடக்கிறது. நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள் கல்லூரியில் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "மொட்டு விட்டுப் பெருகுகிறது, கருப்பு ஈஸ்ட்டாக இருக்கும்" என்கிறாள். மருந்துக் கடையில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை அடிக்கச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மகள் சொன்னது பாதி சரி. ஈஸ்ட் போல மொட்டு விட்டுப் பெருகும் கருநிறப் பூஞ்சைகளைத்தான் கருப்பு ஈஸ்ட் என்கிறார்கள்.

முதலில் மட்டையைப் பாருங்கள். கரி ஓலையின் மேல்புறத்தில் மட்டும் இருந்து, ஈர விரலால் தேய்த்ததும் உரிந்து வந்து, அடியில் பச்சை தெரிந்தால் அது கரும்பூசணம். மேல் மட்டையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகோடு ரூகோஸ் வெள்ளை ஈ இருக்கும். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய பூச்சி இது, உங்களுக்குப் புதிதல்ல. அது கழிக்கும் இனிப்பு நீர் கீழே சொட்டுகிறது. அதைத் தின்றுதான் இந்தப் பூஞ்சைகள் வளர்கின்றன, ஓலைக்குள் நுழைவதில்லை.

கரும்பூசணம் ஒரே பூஞ்சை அல்ல. கேப்னோடியம், கிளாடோஸ்போரியம், ஆரியோபாசிடியம் என்று பல சேர்ந்தே இருக்கும். இவற்றில் 'கருப்பு ஈஸ்ட்' என்ற பெயருக்குப் பொருத்தமானது ஆரியோபாசிடியம் புல்லுலான்ஸ். ஆனால் மொட்டு விடுவதை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. எக்சோபியாலா போன்ற வேறு கருப்புப் பூஞ்சைகளும் மொட்டு விடும். வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண் விதை) பூஞ்சையின் நூல் போன்ற இழையில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மகளை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். செல்லோடேப்பைக் கரியின் மேல் மெல்ல ஒற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் மேல் ஒட்ட வேண்டும். நீலச் சாயம் வேண்டாம், பூஞ்சையின் சொந்தப் பழுப்பு நிறம் தெரியாமல் போகும். 40 எக்ஸ் லென்சில் பார்க்கட்டும். ஆரியோபாசிடியமாக இருந்தால் இழையின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் பல வித்துகள் ஒரே சமயத்தில் கொத்தாகக் கிளம்பும். வித்து ஒற்றை அறை (செல்), நீள்வட்டம், நிறமில்லாதது, சுமார் 10 மைக்ரான் நீளம். கூடவே தடித்த சுவருள்ள கரும்பழுப்பு அறைகள் சங்கிலியாகக் கிடக்கும். படலத்துக்குக் கருப்பு நிறம் தருவது அந்த அறைகளில் உள்ள மெலனின் என்ற கருநிறமிதான்.

எக்சோபியாலாவில் வித்துகள் ஒரு குறுகிய நுனியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வழுவழுப்பான உருண்டையாகத் திரளும். கிளாடோஸ்போரியத்தில் கிளைவிட்ட சங்கிலி, ஒவ்வொரு வித்தின் முனையிலும் கருத்த தழும்பு. உருளைக்கிழங்கு அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊடகம்) வளர்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவு: ஆரியோபாசிடியம் முதல் சில நாட்கள் வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த கொழகொழப்பாக இருக்கும், கருப்பு பிறகுதான் ஏறும். வெள்ளையாக வந்ததே என்று தட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம். தேய்த்தால் போகாத சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்து, ஐந்து அறைகளும் நுனியில் மெல்லிய வால்களும் உள்ள வித்து தென்பட்டால் அது பெஸ்டலோஷியாப்சிஸ் வகை, இலைக் கருகல் நோய். அதற்கு வைத்தியம் வேறு.

கரும்பூசணம்தான் என்றால் கார்பென்டாசிம் வீண் செலவு. பூஞ்சை செத்தாலும் ஈ இருக்கும்வரை இனிப்பு நீர் சொட்டும், கரி திரும்ப ஏறும். ஈயைக் கொல்லும் ஐசேரியா பூஞ்சையைத் தெளிக்க நினைத்தால் அதையும் இந்த மருந்து கெடுக்கும்.

விசைத் தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள். ஏக்கருக்கு எட்டு முதல் பத்து மஞ்சள் ஒட்டும் பொறி, விளக்கெண்ணெய் தடவியது, போதும். கரி மிக அதிகமான மட்டைகளுக்கு மட்டும் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கூழாகக் காய்ச்சி, ஆற வைத்துத் தெளியுங்கள். காய்ந்ததும் படலம் செதில் செதிலாக உதிரும். வீரியமான பூச்சிக்கொல்லி மட்டும் வேண்டாம். என்கார்சியா என்ற சிறு குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கிறது, மருந்து அதைத்தான் முதலில் கொல்லும்.

தண்ணீர் பீய்ச்சும் முன் ஓலையடியில் ஈயின் கூட்டுப்புழுக்களை லென்சில் பாருங்கள். வட்டத் துளை விழுந்தவை இருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓலைத் துண்டுகளை வெட்டி, பத்து மரத்துக்கு ஒன்று வீதம் மற்ற மரங்களில் கட்டிவிடுங்கள்.