அசைஞ்சுதா?

அன்புள்ள அக்கா,

பிளஸ் டூ படிக்கும் மகளுக்காக ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதித் தருகிறேன். ‘க்விக்’ என்ற சொல்லுக்கு வேகமான, உயிருள்ள, நகத்தடிச் சதை என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் அகராதியில் இருக்கின்றன. பைபிளில் ‘த க்விக் அண்ட் த டெட்’ என்றுகூட வருகிறது. இப்படி ஒழுங்கில்லாத ஒரு மொழியைப் பிள்ளைகள் எப்படி மனப்பாடம் செய்வார்கள்? நல்ல அகராதி ஒன்றும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

வேலை முடிந்து வந்து மகளுக்காக நோட்டு எழுதும் அப்பாவை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. அந்த நோட்டில் இருப்பதை நினைத்தால் கோபம் வருகிறது. எந்த அகராதி என்று கடையில் புரட்டிப் பார்த்து நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். அது பெரிய விஷயமில்லை.

ஒட்டாத பொருள்கள் என்று யார் சொன்னது? வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். க்விக் என்றால் முதலில் உயிருள்ளது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அதுதான் பொருள். வேகம் வந்து சேர்ந்ததே 1300-ஐ ஒட்டித்தான். உயிருள்ளது அசையும், துடிக்கும். அந்தத் துடிப்பிலிருந்துதான் வேகம் வந்தது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் அந்தப் பழைய பொருள் அப்படியே நிற்கிறது: உயிரோடு இருப்பவர்களும் மரித்தவர்களும். நகத்தை வெட்டினால் வலிக்காது, அது செத்தது. ஒட்ட வெட்டினால் சுரீரென்று வலிக்கிறதே, அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. உருண்டோடும் பாதரசம் க்விக்சில்வர், உயிருள்ள வெள்ளி. சுட்ட சுண்ணாம்பு க்விக்லைம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பானையில் சுண்ணாம்பு போட்டுத் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்திருந்தால், சீறிக் கொதிக்கும் அதை உயிருள்ளது என்று ஏன் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். இங்கிலாந்தில் முள்செடி நட்டு வளர்க்கும் வேலியின் பெயரிலும் இதே க்விக் உண்டு. நாம் கிளுவையை நட்டு உயிர்வேலி என்கிறோம். வடமொழியிலிருந்து வாங்கிய நம் ‘ஜீவன்’ இருக்கிறதே, அதுவும் க்விக்கும் ஒரே வேரில் பிறந்தவை. இதையா ஒழுங்கில்லாத மொழி என்கிறீர்கள்? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு மகளிடம் கொடுக்காதீர்கள். உயிர் என்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள், மற்றதை அவளே கண்டுபிடிப்பாள்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் நான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் பிள்ளை முதன்முதலாக அசைவதை தாய் உணர்வதற்கு ஆங்கிலத்தில் ‘க்விக்கனிங்’ என்று பெயர். உயிர் கொள்வது. ஸ்கேனும் ஸ்டெதஸ்கோப்பும் இல்லாத காலத்தில் பிள்ளை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி கிடையாது. இங்கிலாந்தில் தூக்குத் தண்டனை பெற்ற பெண், தான் கர்ப்பம் என்று சொன்னால், மூத்த பெண்களை அழைத்து அவளைச் சோதிக்கச் சொல்வார்கள். அவள் வயிற்றில் இருப்பது ‘க்விக்’ என்று அவர்கள் சொன்னால் பிரசவம் வரை தூக்கு தள்ளிப்போகும். 1931-இல் தான் சட்டம் அந்த வழக்கத்தை நீக்கியது. கர்ப்பிணிக்குத் தூக்கே கூடாது என்றும் ஆக்கியது. அந்தப் பெண்கள் அவள் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள் தம்பி. ஒரு சின்னச் சொல்லில் இரண்டு உயிர்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அம்மா தினமும் காலையில் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். “அசைஞ்சுதா?” இல்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் மத்தியானம் படுத்திருந்தபோது, உள்ளே மீன்குஞ்சு ஒன்று திரும்பிப் படுத்தது போல இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். வெளியே இருந்து தொட்டால் தெரியாத அளவுக்குச் சின்ன அசைவு அது. ஆனாலும் அவள் வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.