ஆற்றில் கிடைத்த எலும்புத் துண்டு

கேள்வி: மெக்சிகோவின் ஈகுவாலாவில் 2014 செப்டம்பரில் 43 மாணவர்கள் காணாமல் போனார்கள். அவர்களைக் கொகூலா என்ற ஊரின் குப்பைமேட்டில் எரித்து, சாம்பலை ஆற்றில் வீசினார்கள் என்றது அரசு. ஆற்றில் எடுத்த எலும்பு, அவர்களில் ஒருவரின் டிஎன்ஏவோடு பொருந்தியது. அப்படியானால் கொகூலா குப்பைமேட்டில் எரித்தது உறுதிதானே?

பதில்: இல்லை. டிஎன்ஏ ‘யார்’ என்று சொல்லும். எங்கே எரிந்தார் என்று சொல்லாது. அதற்கு, எலும்பை எடுத்தது யார், பிறகு அது யார் யார் கைக்கு மாறியது என்ற பதிவு வேண்டும். அந்த எலும்பு இருந்த பையை ஆற்றிலிருந்து எடுத்தபோது தாங்கள் அங்கே இல்லை என்று, மாணவர்களின் குடும்பங்கள் சார்பில் ஆய்வு செய்த அர்ஜென்டினா தடயவியல் குழு அறிவித்தது.

எலும்பின் நிறமும் முக்கியம். கருகிக் கறுத்திருந்தால் டிஎன்ஏ கிடைக்க ஓரளவு வாய்ப்புண்டு; சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டால் அநேகமாக ஒன்றும் தேறாது. தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, தாய்வழி உறவினருக்குப் பொதுவானது. அதை மட்டும் வைத்துப் பெயர் சொல்வது, காத்திருக்கும் பெற்றோருக்குச் செய்யும் கொடுமை.

2020-இல் இன்னொரு மாணவரின் பாத எலும்பு அடையாளம் காணப்பட்டது. கிடைத்த இடம் குப்பைமேடு அல்ல; அதிலிருந்து சுமார் 800 மீட்டர் தள்ளியுள்ள ஓடைப் பள்ளம்.